மாமா படத்தின் தூசி

எங்கள் வீட்டில் தூசி துடைப்பது மூன்று வேளை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே சைனைடு மேடு. தங்கம் எடுத்தபின் கொட்டிய வெள்ளை மண். ஆடிக் காற்று கிளம்பினால் சோற்றுப் பானைக்குள்ளும் வந்து உட்காரும். துடைப்பதில் அம்மாவை மிஞ்ச லைனில் ஆளில்லை.

மைன் மூடியபின் ஊரே காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டியபின் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருந்த அம்மாவின் தம்பி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓர் அட்டையில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கோடே கிடையாது. தீக்குச்சி முனையில் போஸ்டர் கலரைத் தொட்டுத் தொட்டு நான்கு மாதம். கிட்டே போனால் அம்மை போட்ட முகம்போல இருக்கும். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால் கல்கத்தா: ஆறு, பாலம், பாலத்தின்மேல் ஜனம். நான் நாள் முழுக்க வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். அப்போதே எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது.

படத்தை முடித்துக் கொண்டுவந்தால் வேலை தருவதாக கல்கத்தாவில் ஒரு படக்கடைக்காரர் சொல்லியிருந்தாராம். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. எல்லாரையும்போல ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி வாட்ச்மேன் வேலைக்குப் போய் வந்தால் என்ன என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாமா முடிவெட்டப் போனார். அம்மா ஈரத்துணியை என் கையில் கொடுத்தாள்.

"மாமா படத்துல மேட்டுத் தூசி புள்ளி புள்ளியா ஒட்டிக்கினு கீது பாரு. அழுத்தித் தொடை."

துடைத்தேன். ஆறு போயிற்று. பாலத்தில் பாதியும் அதன்மேல் இருந்த ஜனமும் போயிற்று. இவ்வளவு தூசியா என்று இன்னும் அழுத்தினேன்.

மாமா வந்து வாசலிலேயே நின்று பார்த்தார். என் கையிலிருந்த துணியை வாங்கிப் பிரித்தார்.

"கொழந்த கையில ஏன்க்கா குடுத்த?"

அம்மா அடுப்புப் பக்கம் போய்விட்டாள். நான் சரியாகத் துடைக்கவில்லை என்று குறை சொல்கிறார் என்று நினைத்தேன்.

"மிச்சத்தையும் தொடைச்சிடட்டா மாமா?"

அவர் என் தலையில் கை வைத்தார். மறுநாள் பாதி வெளுத்த அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனார். பிறகு வரவில்லை.

கஞ்சி சிந்தினாலே அடிக்கிற அம்மா அன்று அடிக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு முட்டை அவித்துத் தந்தாள். நன்றாக வேலை செய்ததற்கு என்று சாப்பிட்டேன். எட்டாவதோடு நிறுத்திவிட்டு நானும் ஊர் ஊராகப் போக ஆரம்பித்த பிறகு, பேர்கூடத் தெரியாத ஒரு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது: மேட்டுத் தூசி வெள்ளை. அந்தத் துணி முழுக்க நீலமாக இருந்தது.