ஓபா குமெக்கோ அடுப்பை அணைக்கவில்லை

பதினெட்டு வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை. ஆற்றங்கரையில், என் மாமனார் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், குமெக்கோ அக்கா என் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "இது சேப்பங்கிழங்குக் குழம்பு இல்லப்பா. பன்னிச் சூப்பு. கைதவறி நாலு கிழங்கு விழுந்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள். கரையே சிரித்தது. என் பெண்டாட்டியும் சேர்ந்து சிரித்தாள்.

நான் மலைக்கு அந்தப் பக்கம் பிறந்தவன். எங்களுக்குப் பன்றிக்கறியும் மிசோ என்கிற சோயா விழுதும். இந்தக் கோட்டையூர்க்காரர்களுக்கு மாட்டுக்கறியும் சோயா சாஸும். செப்டம்பர் பிறந்தால் வீடு வீடாகக் கிளம்பி வந்து, கோட்டைச் சுவருக்குக் கீழே ஆற்றங்கரையில் கல் கூட்டி, விறகு மூட்டி, கிழங்கு வேகவைத்துச் சாப்பிடுவார்கள். என் பானையைப் பார்த்த அன்றிலிருந்து அவளுக்கு நான் 'சென்டாய்', மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஊரின் பேர். நான் பிறந்தது இஷினோமாகி என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "எந்த ஊரா இருந்தா என்ன, சூப்பு ஒண்ணுதானே" என்பாள்.

பாலத்து முனையில் அவளுக்குக் கடை. சாக்கே என்கிற அரிசி மதுவும் விறகும் விற்பாள், பெரிய பானைகளை இரவல் கொடுப்பாள். திரும்பி வரும் பானையில் கரி ஒட்டியிருந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். புருஷன் டோக்கியோவுக்குப் போனவர் திரும்பவில்லை. கடைப் பலகையில் இருந்த அவர் பேரை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு 'ஓபா குமெக்கோ' என்று தன் பேரை எழுதினாள். வெள்ளம் வந்த வருஷம் பானைகளெல்லாம் ஆற்றோடு போய்விட்டன. கரையோடு நடந்தே போய், கீழ்த்தெருக்காரர்கள் பூச்செடி நட்டு வைத்திருந்ததைக்கூடச் சண்டை போட்டு, செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒன்றுவிடாமல் மீட்டுவந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகராட்சிக்காரர்கள் கரையில் ஒரு பலகை நட்டார்கள். இங்கே தீ மூட்டக் கூடாது. இலையுதிர்காலத்தில் சிவந்த இலை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் கோட்டைச் சுவரைப் படம் பிடிக்கும்போது புகை குறுக்கே வருகிறதாம். அதற்குப் பதிலாகப் பஸ் நிறுத்தும் மைதானத்தில் 'குடும்ப இலையுதிர்கால விழா'. கூடாரம், கேஸ் அடுப்பு, காகிதக் கிண்ணம். குழந்தைகளுக்கு வண்ணம் தீட்ட ஒரு காகிதக் கோட்டை.

நகராட்சி சுற்றுலாப் பிரிவிலிருந்து நுமாசாவா என்ற பையன் கடைக்கு வந்தான், விழாவில் பார்வைக்கு வைக்கப் பானை கேட்டு. நானும் அங்கே இருந்தேன்.

"பார்வைக்கா? உள்ளே கிழங்கு வேகாட்டி அது வெறும் இரும்புடா."

"அக்கா, புகையில சுவர் கறுத்துப் போகுது. நானூறு வருஷச் சுவர்."

"அந்தக் கோட்டை ரெண்டு தடவை எரிஞ்சிருக்கு. ரெண்டு தடவையும் நானா கிழங்கு வேகவெச்சேன்?"

"குழந்தைங்க பாதுகாப்பையும் பார்க்கணுமில்ல?"

"மூணு வயசுல என் பானைக்குள்ள செருப்பைக் கழட்டிப் போட்டவன் நீ. பாதுகாப்பாத்தானே வளர்ந்து நிக்கிறே? பசங்கன்னா கல்லு தூக்கணும், புகையில கண்ணைக் கசக்கணும். வரிசையில நின்னு கிண்ணம் வாங்கணும்னா ஆஸ்பத்திரிக்குப் போகலாமே."

பானை கொடுக்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருக்கிறதிலேயே பெரிய பானையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தனியாகத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். அந்தப் பலகைக்கு நேர் கீழேயே கல்லைக் கூட்டினாள். ஊர் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. பிள்ளைகள் இறங்கப் பார்த்தார்கள், பெற்றவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஈர விறகு பற்றாமல் அவள் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். யாரும் அசையவில்லை. எனக்கு அவள்மேல் இருந்ததைவிட இவர்கள்மேல் ஆத்திரம் அதிகமாக வந்தது.

வீட்டுக்குப் போய் என் பானையை எடுத்தேன். அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே என் அடுப்பையும் கூட்டினேன். பன்றிக்கறி, மிசோ.

அவள் தலை நிமிரவில்லை. "சென்டாய், காத்து உன் பக்கமிருந்து அடிக்குது. தள்ளி வை. என் குழம்பு நாறிடும்."

மிசோ வாசனை பாலத்துக்கு ஏறிய பிறகுதான் ஊருக்கு உறைத்தது. அரிசிப் பலகாரக் கடை எண்டோ மேலிருந்து கத்தினான்: "டேய் சென்டாய்! எங்க கரையில உன் சூப்பு நாத்தமா? கேக்க ஆளில்லைன்னு நினைச்சியா?"

"நீ மேலே நின்னு மோந்துக்கிட்டே இரு. இங்கே உங்க பானை ஒண்ணு, என் பானை ஒண்ணு, சரிக்குச் சரி" என்றேன்.

பலகைக்குப் பயந்து நின்றவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எண்டோ குடும்பத்தோடு இறங்கினான். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். பிள்ளைகள் தண்ணீரோரம் ஓடிக் காய்ந்த கல்லாகப் பொறுக்கி, இரண்டிரண்டு பேராகத் தூக்கிவந்தார்கள். மதியத்துக்குள் புகையில் கோட்டைச் சுவரே தெரியவில்லை.

நுமாசாவா போலீஸ்காரரோடு வந்தபோது அவன் அம்மாவே ஒரு பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா? இந்த வெங்காயத்தாளை நறுக்கு" என்று கத்தியை நீட்டினாள். போலீஸ்காரர் பலகையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பாலத்தில் வண்டி நெரிசல் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வருஷமும் ஊரே இறங்கியது. ஆள்களைத் தடுக்க முடியாத நகராட்சிக்காரர்கள் இந்த வசந்தத்தில் கல்லைத் தடுத்தார்கள். இயந்திரம் விட்டுக் கரையிலிருந்த கல்லையெல்லாம் வாரிவிட்டுப் புல் பதித்தார்கள். கல் இல்லாமல் அடுப்பு ஏது? நான் லாரி ஓட்டுகிறவன். கல்லை ஏற்ற என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். வர மாட்டேன் என்றேன். வெளியூர் லாரி வந்து ஏற்றிப் போனது.

அதற்குள் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். வயிற்றில் நோய், முற்றிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் பார்க்கப் போனேன். புல் பதித்த சேதி எனக்கு முன்னாலேயே அவளிடம் போயிருந்தது.

"சென்டாய், உன் லாரி சும்மாதானே நிக்குது?"

"நிக்குது."

"ஒரு லோடு கல்லு எடு. ரெண்டு பசங்க சேர்ந்து தூக்குற அளவா பாரு. ஒருத்தனே தூக்கிட்டா அதுல என்ன இருக்கு? அந்தப் புல்லு மேலேயே கொட்டிடு."

"சரிக்கா. ஆள் நடமாட்டம் அடங்கினதும் ராத்திரியில கொட்டிடறேன்."

தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிட்டாள்.

"என்ன, திருடவா போறே? ஞாயித்துக்கிழமை, பட்டப்பகல்ல, ஊரே பாலத்துல நிக்கும்போது கொட்டு. போறதுக்கு முன்னாடி நம்பர் பிளேட்டை நல்லாத் துடை."