மூன்றாவதாக வந்த பெயர்

சியாமுக்கு ராப் எழுத வருமா வராதா என்று கேட்டால், எனக்கு இன்றுவரை தெரியாது. இத்தனைக்கும் ஐந்து வருடமாக அவனுடைய வரிகளுக்கு பீட் போடுகிறவன் நான்தான்.

சாய்ந்தமருதில் அவன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். கூரையில் ஒலிபெருக்கி. ஊரில் யாராவது மௌத்தானால் தெருத் தெருவாகப் போய் அந்த மரணச் செய்தியை, ஜனாஸா அறிவித்தலைச் சொல்பவனும் அவன்தான். கொழும்பு ராப் குழு ஒன்று தங்கள் அல்பத்தில் எங்களுடைய ஒரு பாட்டுக்கு இடம் தருவதாகச் சொல்லி, பதினாறு வரி கேட்டிருந்தது. துப்பாக்கி, கேங் என்று எழுதினான். குர்பானுக்கு ஆடு அறுத்தாலே கண்ணை மூடுகிறவன் அவன். எதுகை சரி, உள்ளே ஆளைக் காணோம் என்று இரண்டு முறை திருப்பி விட்டார்கள். வெள்ளிக்கிழமைதான் கடைசித் தவணை.

அந்தத் திங்கட்கிழமை, மரவேலை செய்யும் ஷரிபுதீன் காக்கா மௌத்தானார். அறிவித்தலில் பிள்ளைகளின் பெயரை மூத்தவரிலிருந்து சொல்வதுதான் எங்கள் வழக்கம். இந்த மடையன் ஓசை நன்றாக விழுகிறது என்று, "முர்ஷித், றாஸிக், அப்துல் ஹமீட் ஆகியோரின் அன்புத் தந்தையும்" என மூத்தவரைக் கடைசியில் போட்டு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

மறுநாள் அந்த மூத்த மகன் அப்துல் ஹமீட் நானா அவனைத் தேடி வந்தார். அடி விழப்போகிறது என்று நானும் பக்கத்தில் நின்றேன்.

"வாப்பா என்னோட கதைச்சு ஆறு வருஷம். பிள்ளையள்ள என்னைக் கடைசியாத்தான் வெச்சிருந்தார். இத ஒனக்கு ஆர் செல்லித்தந்த?"

"ஒருத்தரும் செல்லல்ல நானா. ஓசைக்காக மாத்தினன்."

அவர் ஏசவில்லை. வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்றே சியாம் பதினாறு வரியையும் எழுதிவிட்டான். தன் பெயர் எப்போது வரும் என்று ஒரு மகன் ஒலிபெருக்கியைக் கேட்டபடி நிற்கிறான், அவ்வளவுதான் பாட்டு. நான் இரண்டு தரம் வாசித்தேன். கொழும்பில் எடுத்தே தீருவார்கள். ஆனால் கடைசி வரியில் அப்துல் ஹமீட் என்ற பெயர் இருந்தது. அவரிடமே போய் வாசித்துக் காட்டினோம்.

"நல்லாரிக்கி," என்றார். "பேரை மட்டும் எடுத்துப்போட்டு அனுப்பு மகன். ஊர் கதைக்கும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சியாமிடம் கேட்டேன். அனுப்பவில்லையாம்.

"பைத்தியமா ஒனக்கு? வேற ஒரு பேரைப் போடன். கொழும்பில ஆருக்குத் தெரியும்?"

"போட்டுப் பாத்தன். அவர்ர எடத்துல வேற ஒருத்தனும் நிக்கிறானில்லடா."

கோபத்தில் இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. வந்த வாய்ப்பைத் தொலைத்த முட்டாளா, அல்லது அன்றைக்குத்தான் எழுதத் தெரிந்துகொண்டவனா? பீட் இன்னும் என் போனில் சும்மா கிடக்கிறது.

அடுத்த வாரம் இன்னொரு ஜனாஸா. மைக்கைப் போடுமுன் அந்த வீட்டுக்காரரிடம் சியாம் இரண்டு தரம் கேட்டான்:

"பிள்ளையள்ள மூத்தவர் ஆர்?"