அந்த ஊரில் புண்ணாக்கும் தீர்ந்தது

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். ஆயர் ஈத்தாம் ஊருக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டி மாடு வளர்க்கிறோம். வாய் இல்லாதவளாக இருந்திருந்தால் இந்த மாடுகளையும் அந்த மனுஷரையும் கட்டி மேய்த்திருக்க முடியாது.

பால் வாங்க வருகிறவர்களில் ஒருவன் சூடான்காரன். பாரிட் ராஜா பக்கம் மேற்படிப்புக்கு வந்தவன். முப்பது வயதிருக்கும், எனக்குப் பையன்தான். பாக்கெட் பாலில் போட்ட டீ டீயே இல்லை என்பான். அதற்காகவே மோட்டார் சைக்கிளில் இவ்வளவு தூரம் வருவான். என்னை ‘மக்சிக்’ என்று கூப்பிடுவான், மலாய்க்காரப் பிள்ளைகள் அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி. அவனுக்கும் உடைந்த மலாய், எனக்கும் உடைந்த மலாய். நாங்கள் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஒருநாள் காலை கடலைப் புண்ணாக்கை உடைத்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் போடுவது செம்பனைப் புண்ணாக்குதான். கன்று போட்ட மாட்டுக்கென்று இதை வாங்கியிருந்தேன். அவன் குனிந்து ஒரு துண்டை எடுத்தான், முகர்ந்தான், வாயில் போட்டுக்கொண்டான்.

“அலமாக்! துப்பு, துப்பு! மாட்டுத் தீனிடா அது. மனுஷன் திங்கிறதா?”

அவன் துப்பவில்லை. மென்று விழுங்கினான்.

“எங்கம்மா இதத்தான் திங்கிறாங்க மக்சிக்.”

நான் சிரித்துவிட்டேன். விளையாடுகிறான் என்று நினைத்தேன். நம் ஆட்களுக்குப் புண்ணாக்கு என்றால் திட்டுகிற வார்த்தைதானே. அன்று காலையில்தான் என் வீட்டுக்காரரைப் பார்த்து, உனக்கு இருப்பது மூளையா புண்ணாக்கா என்று கேட்டிருந்தேன். அவர்தான் என் தோளில் இடித்து, “அவன் மூஞ்சியப் பாரு” என்றார். பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் ஊர் எல் ஃபாஷர். மேற்குச் சூடானில் பெரிய பட்டணம். உள்நாட்டுச் சண்டையில் ஒரு படை உள்ளே, இன்னொரு படை வெளியே. வெளியே இருக்கிறவன் ஊரைச் சுற்றிப் பள்ளம் தோண்டி மண்ணை அணை மாதிரி குவித்துவிட்டான். தானியம் உள்ளே போகாது, மனுஷன் வெளியே வர முடியாது. வந்தால் சுடுவான். சந்தையில் குண்டு விழுகிறது. கடலை எண்ணெய் ஆட்டிய ஊராம் அது. செக்கில் மிஞ்சிக் கிடந்த புண்ணாக்கை வேகவைத்துத் தின்கிறார்கள். உள்ளே அவன் அம்மா, அக்கா, அக்காவின் சின்னப் பெண். அக்காவுக்குக் காலில் குண்டு பட்டு நடக்க முடியாது. மகளை விட்டுவிட்டு அம்மா கிளம்ப மாட்டேன் என்கிறார். அந்த மூன்று பேரும் உயிரோடு மண்ணணையைத் தாண்டி வந்துவிட வேண்டும், அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

சண்டை பற்றி எனக்கு என்ன தெரியும்? புண்ணாக்கு தெரியும். மழைக் காலத்தில் பூசணம் பூத்துப்போன புண்ணாக்கைத் தின்று எங்கள் கன்று ஒன்று வயிறு உப்பிச் செத்திருக்கிறது.

“பச்சையா, கறுப்பா பூத்திருந்தா வேணாம்னு சொல்லு. ஒடச்சு மோந்து பாக்கச் சொல்லு. நல்லா இருக்கிறத மட்டும் பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லு.”

கொட்டகையில் நின்றபடியே அதை அவன் பாஷையில் பேசிப் போனில் அனுப்பினான். வெகு நாள் கழித்துப் பதில் வந்தது. எனக்கும் போட்டுக் காட்டினான். அவன் அம்மாவின் மெல்லிய குரல். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. மாட்டுக்கார அம்மாவுக்கு என் சலாம் சொல்லு, மோந்து பார்த்துத்தான் கொடுக்கிறேன் என்கிறார் என்றான். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பால் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

“வந்துட்டாங்கப்பா பெரிய டாக்டரு,” என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார்.

அப்புறம் அந்த ஊரில் புண்ணாக்கும் தீர்ந்தது. காய்ந்த மாட்டுத்தோலை வேகவைக்கிறார்களாம் என்றான். அதோடு அங்கிருந்து சேதி நின்றது. அப்புறம் ஊரே விழுந்தது. வெளியே இருந்த படை உள்ளே புகுந்துவிட்டது. அம்மாவும் அக்காவும் போனை எடுக்கவில்லை. டிவிக்காரன் கொஞ்ச நேரம் காட்டினான், உடனே பந்து விளையாட்டுக்குப் போய்விட்டான். நாசமாய்ப் போகிறவர்களா என்று கத்தினேன். யாரைத் திட்டுகிறோம் என்று எனக்கே தெரியவில்லை. பையன் வந்துகொண்டுதான் இருந்தான். முதலில் வந்ததும் வராததுமாகச் சேதி கேட்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் வந்தான். அது பால் கறக்கிற நேரமே இல்லை. அகதி முகாமுக்கு நடந்தே போய்ச் சேர்ந்த பக்கத்து வீட்டம்மா பேசினாராம். ஊர் விழுவதற்கு முன்னாலேயே அவன் அம்மா செத்துப்போயிருக்கிறார். வயிறு உப்பி, வலியில் துடித்துத் துடித்து.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “கெட்டுப்போனத ஏன் தின்னாங்க? மோந்து பாக்கச் சொன்னேனேடா!”

“பாத்தாங்க மக்சிக். நல்லதப் பொறுக்கிப் பிள்ளைக்கும் அக்காவுக்கும் குடுத்தாங்க. பூத்ததத் தூக்கிப் போட மனசு வரல. அத அவங்க தின்னாங்க.”

நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட வரவில்லை. சொல்லிக்கொடுத்தவள் நான்.

“பிள்ள?” என்று என் வீட்டுக்காரர்தான் கேட்டார்.

படை தெருவுக்குள் வந்தபோது, நடக்க முடியாத அக்கா குழந்தையைப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்தாளாம். அக்காவை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா பள்ளம் வரைக்கும் வந்திருக்கிறார். அங்கே சுட ஆரம்பித்தார்கள். கூட்டம் சிதறி ஓடியது.

“கை விட்டுப் போச்சாம்” என்றான்.