பெட்டியைக் கேட்டால் என் படம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒரே ஒரு மூன்று சக்கர வண்டியில் ஆரம்பித்து, இன்று பதினாறு வண்டி ஓடுகிற பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிறேன். இதில் யார் தயவும் கிடையாது. ஆபீஸின் வெப்சைட் மட்டும் மூத்த மருமகள் எழுதியது. அவளைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான்.

அதிகம் பேசமாட்டாள். கோ என்கிற கணினி மொழியைக் கைக்குழந்தையோடு தானே கற்றுக்கொண்டாள். குழந்தை தூங்கினால் எழுதுவாள், அழுதால் பாதி வரியில் எழுந்துபோவாள்.

வெப்சைட்டில் எந்தப் பக்கத்தின் முகவரி கேட்டு வந்தால் யார் பதில் சொல்வது என்று, வெப்சைட்டை நடத்துகிற சர்வரில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கவேண்டுமாம். பதில் சொல்கிற ஆளுக்கு ஹேண்ட்லர் என்று பெயர். பதியாத முகவரியெல்லாம் எங்கள் முதல் பக்கத்துக்குப் போய்விடும். முதல் பக்கத்தில் கோட் போட்ட என் படம்.

போன மாதம் மருந்துக் கம்பெனி மேனேஜர் வந்தார். சோதனைக்காக ஒரு மருந்துப் பெட்டியை எங்கள் வண்டியில் ஏற்றியிருந்தார். அது எங்கே போகிறது, உள்ளே குளிர் எவ்வளவு என்பது போனில் தெரிந்தால் வருஷ ஒப்பந்தம் எங்களுக்கு. இல்லாவிட்டால் எதிர்த்தெரு ஆபீஸுக்கு. போனில் பெட்டியின் பக்கத்தைத் தட்டினார். என் படம் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் நான்.

“பெட்டி எங்கன்னு கேட்டா உங்க மூஞ்சி வருது. உள்ள நீங்கதான் உக்காந்திருக்கீங்களா?”

 உள்ளறைக்குப் போய் மருமகளிடம் சொன்னேன்.

“மாமா, பத்து நிமிஷம் அவர எந்திரிக்க விடாதீங்க,” என்றாள் மருமகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அத எங்கிட்ட விடும்மா.”

மேனேஜருக்கு டீ வரவழைத்து, என் கதையை முதல் வண்டியிலிருந்து ஆரம்பித்தேன். மழை, பஞ்சர், போலீஸ், எதையும் விடவில்லை. இரண்டு தடவை எழப் பார்த்தார். இரண்டு தடவையும் டீயை நிரப்பினேன்.

மருமகள் வாசலில் வந்து நின்றாள். “இப்பத் தட்டுங்க சார்.”

போனில் பெட்டி வந்தது. நான்கு டிகிரி, வண்டி பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்றேன் மெதுவாக.

“நேத்து குழந்த அழுதுச்சு மாமா. அவசரத்துல, கதவத் தொறந்து உக்காருன்னு சர்வருக்குச் சொல்ற வரிக்குக் கீழ இந்தப் பெட்டியப் பதிஞ்சுட்டேன். அந்த வரியிலயே உக்காந்து வர்றவங்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சிடும். கீழ எறங்கி வராது, பெட்டி பதியாமயே போச்சு. இப்ப மேல ஏத்திட்டேன்.”

மேனேஜர் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

“நல்லவேளை சீக்கிரம் முடிச்சம்மா,” என்றார் அவளிடம். “உங்க மாமா ரெண்டாவது வண்டிக்குத்தான் வந்திருந்தார்.”