வண்டியோடு வந்தவள்

எனக்குக் கல்யாணமாகி, சிராங்கூன் சாலைக் கடைவீட்டுக்கு வந்த அதே வாரத்தில்தான் அந்தப் பிக்கப் வண்டியும் வந்தது. என் கணவர் தேக்கா சந்தையில் காய்கறி எடுத்து, காத்தோங் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அதுவரை மூன்று சக்கர சைக்கிளில் மிதித்துக்கொண்டிருந்தார். மாமியார் ஒரே கற்பூரத்தில் எனக்கும் வண்டிக்கும் சேர்த்துத் திருஷ்டி கழித்தார். புதுப்பெண்ணுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு மக்கு நான்.

முதலில் வியாபாரம் ஓகோவென்று நடந்தது. "மருமக வந்த நேரம், வண்டி வந்த நேரம்" என்று மாமியார் தெரு முழுக்கச் சொன்னார். பிறகு வண்டி தன் குணத்தைக் காட்டியது. யாரோ ஓட்டித் தேய்த்த வண்டிதானே. மழை பெய்தால் கிளம்பாது, வெயில் அடித்தால் கொதிக்கும். காலாங் பாலத்தில் நின்றுவிடும், கீரையெல்லாம் வாடிப்போகும். எனக்கும் குழந்தை உண்டாகவில்லை. மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசும்போது எனக்குக் கேட்கும்படியாகவே பேசுவார்.

"ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா படுத்துருச்சு."

ஒருநாள் சீன மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் சுடா மாத்தி லா" என்றார். மலாயில் அதற்குச் செத்துவிட்டது என்று அர்த்தம். இதற்குச் செலவழிக்காதே, வேறு வண்டி பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமியார் அதையே பிடித்துக்கொண்டார்.

"ராசியில்லாதத வீட்டுல வச்சிருக்கக் கூடாது ராசா. தள்ளிவிட்டுட்டுப் புதுசா கொண்டாந்துருவோம்."

சொன்னது மகனிடம், பார்த்தது என்னை. முதல் பெண்டாட்டி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வதைச் சட்டம் தடுக்காத காலம் அது. எங்கள் எதிர்வீட்டிலேயே ஒருத்தி சக்களத்தியின் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிப்பேர் பண்ணிக்கலாங்க. நல்ல வண்டி" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நீதானே அத சனியன் சனியன்னு திட்டுவ?"

"திட்டுனா வித்துடணுமா?"

உண்மையில் எனக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. அதன் பெட்ரோல் நாற்றத்தில் குடலே வெளியே வந்துவிடும். என் கல்யாணப் புடவையில் கிரீஸ் அப்பியதும் அதுதான். அப்படிப்பட்ட வண்டிக்கு நான் வக்கீலாகிவிட்டேன். துருவைக் காட்டினால் சேறு என்றேன். புகை கக்கினால், எல்லா வண்டியும்தான் கக்குகிறது என்றேன். கார்புரேட்டரை மாற்றினார்கள், அடுத்ததாக ரேடியேட்டர் ஒழுகியது. அவர் வரத் தாமதமானால், இன்றைக்கு எங்கே நின்று தொலைத்ததோ, அதற்கு அத்தை என்ன சொல்லப்போகிறாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

காத்தோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கேலாங் சாலையில் கொட்டுகிற மழையில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும்தான் விக்கச் சொல்றாங்க. ஏங்க இதைக் கட்டி அழுவுறீங்க? நான் விக்க வேணாம்னு சொன்னதுக்காகவா?"

வண்டி வெறும் வண்டிதான், அம்மா பேசுவதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லிவிடமாட்டாரா என்றுதான் கேட்டேன். அது போதும் எனக்கு. அத்தை வாயை நான் பார்த்துக்கொள்வேன்.

அவர் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ சொல்லலேன்னாலும் விக்க மாட்டேன்லா. நீ வந்தப்ப வந்த வண்டி இது. இத வித்துட்டா உனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கு."

அன்பாகத்தான் சொன்னார். குரல்கூட லேசாக உடைந்தது. இவர் ஒருவராவது அதையெல்லாம் நம்பவில்லை என்ற நினைப்பில்தான் அந்த வீட்டில் நான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். இனி யாரிடம் போய் என்ன சொல்வது?

"மழை விடற மாதிரி தெரியல. கொஞ்சம் இறங்கித் தள்ளுறியா?" என்றார்.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பின்னால் போய் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். பாழாய்ப்போனது, அன்றைக்குப் பார்த்து முதல் தள்ளிலேயே கிளம்பிவிட்டது.