நான் எண்ணாத பூச்சிகள்

பொய்யைக்கூட நம்பும்படி எழுத வேண்டும் என்பது ஏழாம் வகுப்பிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. திங்கள் மூன்று, செவ்வாய் ஐந்து, புதன் இரண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றே ஒன்று. பூச்சிக்கும் விடுமுறை என்று நினைத்தேனோ என்னவோ.

அப்போது சின்னமனூர்ப் பக்கம் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை தன் அரை ஏக்கரில் முதல்முறையாகத் தக்காளி போட்டிருந்தாள். கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்து, ஞாயிறுதோறும் வந்துபோகும் மாமாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "இந்த ஒரு தடவதான். தேறலன்னா தென்னைய வச்சுட்டுப் பேசாம இருக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இலையையும் காயையும் துளைக்கும் ஊசிப்புழுதான் பெரிய பயம். பூச்சிமருந்துக் கடையில் கொடுத்த சிறு வில்லையைத் தண்ணீர் ஊற்றிய பேசினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால், அந்த வாசத்துக்குத் பெண்பூச்சியைத் தேடும் அந்தப் புழு இனத்து ஆண்பூச்சிகள் வந்து விழும். தினமும் எண்ண வேண்டும். கூடினால் உடனே மருந்தடிக்க வேண்டும். அத்தை விடியும் முன்பே திராட்சை பறிக்கக் கூலிக்குப் போய்விடுவாள்.

"கடைக்காரக எழுதி வைக்கச் சொன்னாக. நீ படிக்கிற பிள்ள, பாத்து எழுது ஆத்தா" என்று ஒரு நோட்டைக் கொடுத்தாள்.

முதல் நாள் விழுந்த பூச்சியை ஈர்க்குச்சியால் தூக்கிப் பார்த்தேன். எள்ளைவிடக் கொஞ்சம் நீளம். சாம்பல் நிறச் சிறகில் கறுப்புப் பொட்டுகள், பொடிமணி கோத்தது போன்ற இரண்டு மீசைகள். அழகாகத்தான் இருந்தது.

ஆனால் பேசின் இருந்தது ரோட்டோர வரப்பில். நான் குனிந்திருந்த நேரம் பள்ளி வேன் வந்தது. "ஏலே, அங்கன பாரு, தண்ணியில மொகம் பாக்குறா!" என்று எவனோ கத்த, வேனே சிரித்தது. மானம் போய்விட்டது. மறுநாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்தே எண்ணினேன்.

மூன்று வாரம் கழித்து இலைகளில் வெளுப்பு விழுந்தது. அத்தை நோட்டைப் புரட்டினாள். "பூச்சி கம்மியாத்தான இருக்கு, வெயிலுக்கா இருக்கும்" என்று மருந்தடிக்காமல் விட்டாள். பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த வாரம் காய்க்குக் காய் ஊசி குத்திய ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா வரப்பில் நின்று கத்தினார். "பூச்சிய எண்ணுனீகளா, இல்லையா?"

"பிள்ள ஒருநாள் விடாம எண்ணுனா. அந்த வில்லைதான் சரியில்ல" என்றாள் அத்தை.

தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். சொல்லவே கூசுகிறது, அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தேன். அந்த மாசமே நிலத்தில் தென்னங்கன்று இறங்கியது. அத்தை அதன்பிறகு சொந்தமாக எதுவும் பயிர் வைக்கவில்லை.

அந்த ஞாயிறு காலையில், மாமாவின் பஸ் வருவதற்கு முன்னால், மோட்டார் தொட்டியடியில் அத்தை பேசினைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மாமா வருகிறார், சுத்தம் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். கழுவுவதற்கு முன் அதில் நாலு வாரமாக விழுந்து கிடந்த பூச்சிகளை அவள் கொட்டியிருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷங்கள் ஆயின. கொட்டும்போது எண்ணிப் பார்த்தாளா என்று கேட்க இன்றுவரை நா எழவில்லை.