சித்தியின் எட்டாவது பிரஷ்

"வேலை இல்லாத நேரத்துல அந்த பிரஷ் எங்கம்மா இருக்கும்?"

தொலைபேசியில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கார் சக்கரம் தேய்க்கிற பிரஷ் செய்யும் கம்பெனியைச் சேர்ந்தவர். கைப்பிடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து நான்தான் கூப்பிட்டேன். உங்கள் பிரஷ் மாதத்துக்கு ஒன்று உடைகிறது, அதனால் என் சித்தியின் வேலை போகப் போகிறது, என்ன சொல்கிறீர்கள் என்று ஒரே மூச்சில் சண்டை போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் திருப்பிக் கேட்டது இந்த ஒன்றைத்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"கடையிலதான் இருக்கும். பின்ன, சினிமாவுக்கா போகும்?" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். நான் பேசிய பேச்சுக்கு நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

அப்போது நான் பள்ளியை முடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. காலையில் ஒரு படிப்பு, மாலையில் வேறொரு படிப்பு என்று முடிவு செய்துகொண்டு, சித்தி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மாடிப்படியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சித்தி மேல் மாடி, நாங்கள் கீழே. அதனால் அவர் வீட்டுச் சண்டையெல்லாம் எங்களுக்குக் கூரை வழியாக வந்து சேரும்.

சித்தி ஒரு கார் கழுவும் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். அங்கே காரின் கூரை ஒருவருக்கு, கண்ணாடி ஒருவருக்கு, துவட்டுவது ஒருவருக்கு. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சித்தியின் ராஜ்ஜியம். ஒரு குட்டை முக்காலி, ரப்பர் கையுறை, ஒரு பிரஷ். நாள் முழுக்க நான்கு நான்காகச் சக்கரம் வந்துகொண்டே இருக்கும்.

கார்க்காரர்களின் முகத்தைச் சித்தி பார்ப்பதே இல்லை. "முகம் பொய் சொல்லும். சக்கரத்துக்கு அந்தத் தெறமை கிடையாது" என்பார். முன் சக்கரம் கரிச்சட்டி மாதிரி இருந்தால், ஆள் கடைசி நொடியில் பிரேக் அடிக்கிற அவசரக்குடுக்கை. சக்கர விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சீவியிருந்தால், நடைபாதைக் கல்லோடு உறவு கொண்டாடுகிறவர். ஒரு தடவை கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர், "என் வண்டியைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். "உங்க வண்டியைப் பத்தி எனக்கென்ன தெரியும் சார், உங்களைப் பத்தித்தான் தெரியும்" என்றாராம் சித்தி. அதற்குப் பிறகு அவர் கண்ணாடியை இறக்கவே இல்லை.

இப்படிப்பட்ட சித்திக்கு ஒரு குறை. காருக்குள் உட்கார முடியாது. உட்கார்ந்தால் வாந்தி. கதவு திறந்து அந்த சீட்டு வாசனை வந்தாலே முகம் வெளுத்துவிடும். கல்யாணத்தன்று அலங்கரித்த காரில் ஏற்றியபோது, இரண்டாவது திருப்பத்திலேயே சித்தப்பாவின் புதுச் சட்டை மேல் எல்லாம் போய்விட்டது. "எங்க வாழ்க்கை அப்படித்தான் ஆரம்பிச்சது, இன்னிவரைக்கும் நான் துடைச்சுக்கிட்டே இருக்கேன்" என்று சித்தப்பா இன்றும் சொல்வார். வேலைக்குப் போக வர, சித்தி நடக்கிறார்.

இனி பிரஷ். முழங்கை நீளம் இருக்கும். இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, அந்த முறுக்குக்குள் முடியைச் சிக்கவைத்திருப்பார்கள். கம்பியின் அடி ஒரு பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் இறங்கியிருக்கும். சக்கரத்தின் இடுக்குக்குள் நுழைந்து பின்பக்கக் கரியை எடுத்து வர இதை விட்டால் வேறு ஆயுதம் கிடையாது. எட்டு மாதமாக இந்த பிரஷ்கள் கழுத்து ஒடிந்து செத்துக்கொண்டிருந்தன. முடி கொட்டுவதில்லை, தேய்வதும் இல்லை. பார்க்கப் புதுசாக இருக்கும். திடீரென்று ஒரு நாள் கைப்பிடி சித்தியின் கையில் இருக்கும், மீதி சக்கரத்துக்குள் இருக்கும்.

ஏழாவது பிரஷ் செய்த கூத்துதான் பெரிது. அதன் தலை உள்ளே மாட்டிக்கொண்டதை அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. கார் கிளம்பிப் போய்விட்டது. ஐந்தே நிமிடத்தில் டகடகவென்று தாளம் போட்டபடி திரும்பி வந்தது. வண்டிக்காரர் இறங்கி ஆடிய ஆட்டத்தில் முதலாளியே அறையிலிருந்து வெளியே வந்தார்.

முதலாளிக்குக் கடையில் இருப்பவர்கள் வைத்த பெயர் நுரை. பேச ஆரம்பித்தால் பொங்குவார்; ஊதிவிட்டுப் பார்த்தால் கீழே ஒன்றும் இருக்காது. அவர் உடைந்த கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் பொங்கினார்.

"பிரஷ்ல தப்பே இல்லம்மா. உன் கைதான் கனம். சக்கரத்தைத் தேய்க்கச் சொன்னா சண்டை போடற. இந்தா, இது எட்டாவது. மாசம் முடியறதுக்குள்ள இதுவும் உடைஞ்சுதுன்னா நீ சக்கரத்துக்கு வேணாம். உள்ள போய் சீட்டு தொடை."

"உள்ளன்னா?"

"காருக்குள்ளதான். வேற எங்க?"

சித்தி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சித்தப்பா முதலில் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"ஒரு நாளைக்கு முப்பது கார்" என்றார் சித்தி. "முப்பது தடவை வாந்தி எடுக்கறவளை எவன் வேலைக்கு வச்சுப்பான்? போன்னு வாயால சொல்லாம போன்னு சொல்றான்."

மறுநாள் முதல் சித்தி, பிறந்த குழந்தைக்கு முதுகு தேய்ப்பதுபோல் சக்கரம் தேய்த்தார். பத்தே நாளில் ஒரு வண்டிக்காரர், சக்கரத்தில் கரி அப்படியே இருக்கிறது என்று புகார் சொல்லிவிட்டார். நுரை மறுபடியும் வந்தார்.

"என்னம்மா, கையில பலமே இல்லையா?"

"போன வாரம் கனம், இந்த வாரம் பலமில்ல. கையைக் கழட்டி உங்க மேசை மேலயே வச்சுடறேன் சார். வேணுங்கற அளவுக்கு நீங்களே திருகிக்கோங்க."

துவட்டல் அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும், கார் துவட்டுகிறவர் மட்டும் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாராம். மூன்றாவது வாரம் எட்டாவது பிரஷ்ஷின் கழுத்து லேசாக ஆட ஆரம்பித்தது. அன்றுதான் நான் கம்பெனிக்குப் போன் செய்து அசிங்கப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போனபோது சித்தப்பா கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதைச் செய்தாலும் ஆறு பேர் உயிர் அதில் தொங்குகிற மாதிரிதான் செய்வார். பிரஷ்ஷைப் பீங்கானின் வளைவுக்குள் விட்டு, வில்லாக வளைத்து, சுழற்றி, இழுத்து, மறுபடியும் குத்தினார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது, பிரஷ்ஷை.

அப்போதுதான் கைப்பிடி கண்ணில் பட்டது. அதே நீலம். அதே கம்பெனி.

"சித்தி, இது சக்கர பிரஷ்தானே?"

"ஆமா. கடைக்கு வந்த பெட்டியில ஒண்ணு அதிகமா இருந்தது. கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஒரு வருஷம் இருக்கும்."

"ஒரு வருஷமா உடையலயா?"

சித்தப்பா நிமிர்ந்தார். கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். "நம்ம வீட்டுக் கக்கூஸ்ல ஒரு வருஷம் வாழுது, உங்க கடையில ஒரு மாசம் தாங்கல" என்றார். "அப்ப உங்க மொதலாளி கடை இதைவிட மோசமான எடம்னு அர்த்தம்."

எப்போதும் பதிலடி கொடுக்கும் சித்தி அந்த நீலக் கைப்பிடியையே பார்த்தார். யோசித்தார். சித்தப்பா பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசி, உதறி, சுவர் ஆணியில் தொங்கவிட்டார். எனக்கு அந்தக் கம்பெனிக்காரரின் குரல் காதுக்குள் கேட்டது.

"சித்தி, கடையில வேலை முடிஞ்சதும் பிரஷ் எங்க இருக்கும்?"

"எங்க இருக்கும்? வாளியிலதான்."

"எந்த வாளி?"

"மருந்து வாளி."

சக்கரத்தில் ஒட்டிய பிரேக் கரியைக் கரைக்க அமிலம் கலந்த ஒரு மருந்து அடிப்பார்கள். அடித்து ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தையே தின்றுவிடும். எட்டு மாதத்துக்கு முன்னால் நுரை எங்கேயோ ஒரு பெரிய கடையைப் பார்த்துவிட்டு வந்து, அந்த மருந்தை ஒரு வாளி நிறைய ஊற்றி வைத்தார். சுவரில் ஒரு பலகையும் மாட்டினார். 'வேலை முடிந்ததும் பிரஷ் வாளியில் ஊற வேண்டும். சுத்தமே நம் மூச்சு.' அன்றிலிருந்து பிரஷ் ஒவ்வொரு நாளும் மாலை முதல் மறுநாள் காலை வரை அதில்தான் குளித்துக்கொண்டிருந்தது.

"கையுறை இல்லாம அதுல விரலை விட்டா தோலு உரிஞ்சிடும்" என்றார் சித்தி, பெருமையாக.

"உன் விரலுக்குக் கையுறை போட்ட. பிரஷ்ஷுக்கு என்ன போட்ட?" என்று கேட்டார் சித்தப்பா.

சித்தி உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். செத்த பிரஷ்கள் ஏழும் அதில் இருந்தன. ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "பொணம் இல்லாம கேஸ் நிக்காதுடி" என்றார். சித்தப்பா ரம்பம் எடுத்து ஒரு கைப்பிடியை நீளவாக்கில் அறுத்தார். வெளியே பளபளவென்றிருந்த கம்பி, கைப்பிடிக்குள்ளே பழுப்புத் தூளாகக் கொட்டியது. மருந்து உள்ளே இறங்கி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து தின்றிருக்கிறது. ஏழையும் அறுத்தார். ஏழும் அதே கதைதான்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை இல்லை, கோபம். "என் கை கனமாம்" என்றார். "இருக்கட்டும், நாளைக்குக் காட்டறேன் கனத்தை."

திங்கள்கிழமை காலை நானும் கூடவே போனேன். சித்தி நேராக நுரையின் அறை வாசலில் போய் நின்று, வீட்டு பிரஷ்ஷை நீட்டினார்.

நுரை வாங்கிப் பார்த்தார். வளைத்தார். முடியைக் கட்டைவிரலால் நீவினார். மூக்குக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். "இதுதாம்மா சரக்கு! இதுல மத்ததைவிட கம்பியே தடிமன். எவ்வளவு நாளா உழைக்குது?"

"ஒரு வருஷமா சார்."

"பாத்தியா? நல்ல பொருள்னா இப்படி இருக்கணும். எங்க வாங்கினே?"

"நீங்க வாங்கின பெட்டியிலேருந்துதான் சார், அதே கம்பெனி. எங்க வீட்டுக் கக்கூஸ் பிரஷ்."

நுரையின் முகத்தில் ஈயாடவில்லை. கட்டைவிரலை மட்டும் மெதுவாக உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். கழுவப் போகலாமா, போனால் மானம் போகுமா என்று அவர் யோசிப்பது வெளியே தெரிந்தது. அதற்குள் துவட்டல் அண்ணன் வந்துவிட்டார். கண்ணாடிக்காரரும் கூரைக்காரரும் வந்து நின்றார்கள்.

சித்தி அறுத்த கைப்பிடிகளை வரிசையாக அவர் மேசை மேல் வைத்தார். துரு மேசையில் கொட்டியது. "உங்க வாளி சார் இது. என் கை இல்ல."

நுரை விடுவாரா? தன் பலகையைத் தானே எப்படித் தப்பு என்பார்? "சும்மா கதை விடாத. வாளிக்குள்ள நல்லாத்தான் இருக்கு, நானே பாக்கறேனே" என்று மருந்து வாளியை நோக்கி நடந்தார். கையுறை மாட்டிக்கொண்டு எட்டாவது பிரஷ்ஷை எடுத்தார். தண்ணீரில் அலசி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். "பாருங்க, புதுசு மாதிரி இல்ல? இதை எப்படி வளைச்சாலும்..."

டக்.

கைப்பிடி அவர் கையில் இருந்தது. தலை துள்ளிப் போய், நின்றிருந்த ஒரு காரின் கீழே உருண்டது.

துவட்டல் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார், ரொம்ப மரியாதையாக.

"மாசம் இன்னும் முடியலயே சார். அப்ப சீட்டு தொடைக்க யாரு போறது?"

கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பில் காத்திருந்த வண்டிக்காரர்கூட இறங்கி என்ன விஷயம் என்று கேட்டார். சித்தி சிரிக்கவில்லை. தரையில் குனிந்து, காரின் கீழிருந்து அந்தத் தலையை எடுத்துவந்து நுரையின் மேசை மேல், மற்ற ஏழுக்கும் பக்கத்தில் வைத்தார். பிறகு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு, காத்திருந்த காரின் முன் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு புது பிரஷ் கொடுங்க சார். வண்டி நிக்குது" என்றார்.

நுரை கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்த வார்த்தை அவர் கடையில் சரக்கு கிடையாது. ஆனால் மத்தியானத்துக்குள் வாளி காலியானது. சுவரில் ஆணி வரிசையாக ஏறியது. பலகையும் மாறியது: 'பிரஷ்ஷை நல்ல தண்ணீரில் அலசித் தொங்கவிடவும். சுத்தமே நம் மூச்சு.' வருகிறவர்களிடமெல்லாம் இது தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நுரை சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தி மறுப்பதில்லை. "சொல்லிட்டுப் போகட்டும். கக்கூஸ் பிரஷ்ஷை மோந்து பாத்துக் கண்டுபுடிச்சாரு, பாவம்."

ஒன்பதாவது பிரஷ்ஷுக்கு இப்போது ஐந்தாவது மாதம். முடி கொஞ்சம் கொட்டியிருக்கிறது, கழுத்து அசையவில்லை. சித்தி பழையபடி சக்கரங்களோடு சண்டை போடுகிறார்.

போன வாரம் மழை. நடந்து போக முடியாது என்று கடை வாசலில் நின்றிருந்த சித்தியைப் பார்த்து நுரை தன் காரை நிறுத்தி, "ஏறும்மா, வீட்ல விட்டுடறேன்" என்றாராம். இத்தனை வருடத்தில் முதல் தடவை. சித்தி கொஞ்சம் யோசித்தார்.

"சரி சார்" என்றார். "அந்த மருந்து வாளி சும்மாதானே கெடக்கு? மடியில வச்சுக்கறேன்."

நுரை காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சித்தி மழை விட்ட பிறகு நடந்து வந்து சேர்ந்தார்.

கார் கழுவும் கடையில் வேலை செய்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் கையைப் பார்த்து யாராவது கனம் என்று சொல்வதற்கு முன்னால், பிரஷ் எங்கே கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனிக்காரரைத் தெரிந்தவர்கள் இருந்தால் அவருக்கும் சொல்லிவிடுங்கள்: பதில், வாளியில். சினிமாவுக்குப் போகவில்லை.